அக்காவின் காருக்கு இரண்டு வாளி

அக்கா,

கையைக் குளியல் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். மத்தியானம் ரசம் சோறு பிசைந்து சாப்பிட்டேன். அப்படியும் கார் ஷாம்புவின் வாசனை விரலிடுக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பச்சை ஆப்பிளும் துடைத்துவிட்ட ஆஸ்பத்திரித் தரையும் கலந்த மாதிரி இருக்குமே, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உங்கள் வாசலில் கிளம்பி எங்கள் வீட்டுக்குள் வருமே, அதே வாசனை. போனவர்களின் வாசனை வந்தால் அழுகை வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. பொறாமைதான் வந்தது. உங்கள் மேல் எனக்கிருந்த பழைய பொறாமை, குன்றிமணி அளவும் குறையாமல் வந்தது.

இன்று காலை உங்கள் காரைக் கழுவினேன். உங்கள் கார் என்று பழக்கத்தில் சொல்கிறேன். இப்போது அது உங்கள் தம்பி மகளுடைய கார்.

கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் எதிர்வீட்டுக்கு நீங்கள் குடிவந்தபோது, இந்த வயதில் மற்றவர்கள் காசிக்கு டிக்கெட் எடுப்பார்கள், இந்த அம்மா கார் எடுத்திருக்கிறாரே என்று தெருவே பேசியது. முதல் ஞாயிற்றுக்கிழமை நைட்டியோடு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கொண்டையைத் தூக்கி முடிந்துகொண்டு, கையில் தண்ணீர் டியூபோடு ரோட்டில் இறங்கினீர்கள். கறி வாங்கப் போன ஆண்பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏனுங்க, காரு கழுவி நீங்க பாத்ததே இல்லீங்களா?" என்று கேட்டீர்கள். அவர்கள் நடையைக் கட்டினார்கள். நான் கொசுவலை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் கார் இருந்தது. அதன் ஸ்டியரிங்கை நான் தொட்டதில்லை.

எங்கள் வீட்டுக்காரர் கார் கழுவுகிற அழகு உங்களுக்குத் தெரியும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் காலத்தைக் கழித்த மனுஷன். அவருக்குக் கார் என்றால் லாரியின் தம்பி. வாளியில் துணி சோப்புத் தூளைக் கரைத்து, லாரி தேய்க்கிற முரட்டு பிரஷ்ஷால் கூரையில் தொடங்கி டயர் வரைக்கும் ஒரே மூச்சில் தேய்ப்பார். கடைசியில் டீசல் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. சாயங்காலம் வரைக்கும் பளபளக்கும். மறுநாள் காலையில் தெருப் புழுதி முழுக்க அதன் மேல் குடியேறியிருக்கும். இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் காரைப் பாழாக்குகிறார்கள்.

"ஏனுங்க தம்பி, இது லாரி இல்லீங்க. டீசலப் பூசி உட்டா புழுதிய வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சாப்ல ஆயிருமுங்க" என்றீர்கள். அவர் சிரித்து மழுப்பினார். சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்தக்கா காரப் பாரு புள்ள, கண்ணாடியாட்ட இருக்குது" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் விளக்கிய பாத்திரத்தைப் பார்த்து அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் காதில் புகை வந்தது. சரி, நம் காரை நாமே கழுவிப் பார்ப்போம் என்று ஒருநாள் துணியை எடுத்தால், "நீ தொடாத, கோடு உளுந்துரும்" என்றார். அவர் பிரஷ் போட்ட கோடுகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அவர் உடைத்தால் மண்சட்டி, நான் உடைத்தால் பொன்சட்டி.

அதனால்தான் உங்கள் வாசலுக்கு வந்தேன். சிநேகம் கொண்டாட வந்ததாக நீங்கள் நினைத்திருக்கலாம். உங்கள் சாமான்களைப் பார்க்கத்தான் வந்தேன். சிவப்பு வாளியில் ஷாம்புத் தண்ணீர், நீல வாளியில் வெறும் தண்ணீர். நீல வாளிக்குள் அடியில் ஓட்டை போட்ட பழைய இட்லித் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தீர்கள். புழுப்புழுவாய் நூல் தொங்கும் ஒரு கிளவுஸைக் கையில் மாட்டி, காரில் ஓர் இழுப்பு இழுத்து, நீல வாளியில் முக்கி அந்தத் தட்டில் தேய்த்துவிட்டுத்தான் மறுபடி சிவப்பு வாளிக்குப் போவீர்கள்.

"மண்ணு தட்டுக்கு அடியில தங்கிக்கும் சாமி. அதே மண்ண மறுக்கா எடுத்துத் தேச்சா காரு மேல கோலம் போட்டாப்ல ஆயிரும்" என்றீர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிறு எரிந்தது அந்தக் கடைசி வாளி நல்ல தண்ணீரைப் பார்த்துத்தான். நம் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குழாயில் என்றைக்கோ ஒருநாள் வருகிற காவேரித் தண்ணீரை நான் குடம் குடமாக மூடி வைத்து சமையலுக்கு எடுப்பேன். நீங்கள் அதில் ஒரு வாளியை எடுத்து கார் தலையில் ஊற்றினீர்கள். பதறிப்போய்க் கேட்டேன். "உப்புத் தண்ணி காஞ்சா வெள்ளை வெள்ளையாத் திட்டு நிக்கும். பருப்பு வேகாட்டி அன்னிக்கு ரசத்த வெய்யி. திட்டு உளுந்தா போவாது" என்றீர்கள். பரமத்தி வேலூர்க்காரர் நீங்கள். காவேரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் பிறந்து வளர்ந்தவருக்குத் தண்ணீரின் அருமை எங்கே தெரியும் என்று வீட்டுக்கு வந்து திட்டினேன். ஒரு கார் இப்படிப் பராமரிக்கப்படுகிறது, நான் இந்த உப்புத் தண்ணீரில் தலை குளிக்கிறேன் என்று அந்தக் காரைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன். டியூபை என் கையில் கொடுப்பீர்கள். "நீ தண்ணி மட்டும் புடி சாமி" என்பீர்கள். கிளவுஸை மட்டும் தந்ததில்லை. கூச்சத்தை விட்டு ஒருநாள் கேட்டே விட்டேன். "அதுக்கென்ன, நாளைக்கிப் பாக்கலாம்" என்றீர்கள். அந்த நாளை வரவே இல்லை. என் பொறாமை உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. டயரில் காற்று இறங்கினால், "உன்ற கண்ணு பட்டுத்தான் எறங்கிப்போச்சு" என்பீர்கள். நானும் சிரிப்பேன். பொய் இல்லையே.

பிறகு வயிற்று வலி என்று சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். போனவர் திரும்பவில்லை. காரியம் முடிந்த அன்றைக்கு உங்கள் வீட்டு முன்னறையில் நான் காபி டம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் தம்பி, சாவியை மகள் கையில் வைத்து, "அத்தை உனக்குத்தான் குடுக்கச் சொல்லுச்சு" என்றார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கொடுத்திருந்தாலும் நான் என்ன செய்திருக்கப் போகிறேன்? எல்லாம் தெரிந்தும் என் பெயர் வருகிறதா என்று காது நீட்டிக்கொண்டு நின்றேன். கார் வேண்டாம், ஒரு வாளியாவது? வரவில்லை அக்கா. வீட்டைச் சுத்தம் செய்தபோது சிவப்பு வாளி, நீல வாளி, கிளவுஸ், துணிகள், இட்லித் தட்டு எல்லாம் பழைய சாமான்காரனின் வண்டியில் ஏறின. "அவிய காரு அவிய சொந்தத்துக்குத்தான போவும். நீ என்ன ஒறவா புள்ள?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு கூடிப்போனது தற்செயல் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் தம்பி மகள் இங்கே பேங்க் வேலைக்கு மாற்றலாகி, புருஷனோடு உங்கள் வீட்டுக்கே குடிவந்தாள். உச்சி வெயிலில், போர் தண்ணீரில், பாத்திரம் விளக்குகிற சோப்பையும் நாரையும் வைத்து உங்கள் காரைத் தேய்த்தாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. பானெட் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி வெள்ளைத் திட்டு. கொடுத்தீர்களே உங்கள் சொந்தத்துக்கு, பாருங்கள் லட்சணத்தை என்று மனசுக்குள் உங்களோடு சண்டை போட்டேன்.

அவளே ஒருநாள் வந்தாள். "ஆன்ட்டி, அத்தை எதுலீங்க கழுவுவாங்க? என்னென்ன வாங்கோணும்னு உங்களுக்குத்தான் தெரியும்னு அப்பா சொன்னாருங்க. கடைக்கு வாரீங்களா?" என்றாள்.

சேலம் ரோட்டில் கார் சாமான் விற்கிற கடைக்கு அவள் ஸ்கூட்டரில் போனோம். கடைக்காரர் முதலில் பிரஷர் வாஷரை ஓட்டிக் காட்டினார். அந்த இரைச்சலுக்குத் தெருநாய் எழுந்து ஓடியது. அப்புறம் பளபளப்புக்கு அடிக்கிற மருந்து, நுரை பீய்ச்சுகிற துப்பாக்கி. அவள் கண் ஒரு நீளக் கம்பு பிரஷ்ஷில் விழுந்தது. "இது நல்லாருக்குதுங்களே ஆன்ட்டி. குனியவே வேண்டியதில்ல" என்றாள். முரட்டு நார். எங்கள் வீட்டுக்காரரின் பிரஷ்ஷுக்குத் தங்கச்சி.

நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. கார் அவளுக்கு. நீங்கள் இருந்த வீட்டில் இருப்பதும் அவள். அந்தக் காரை எதால் தொட வேண்டும், எதால் தொடக்கூடாது என்கிற விவரம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதுவும் நீங்கள் கொடுத்ததல்ல. ஞாயிறு ஞாயிறாக வயிறெரிந்து, உங்கள் கையையே பார்த்துப் பார்த்து நான் சேர்த்தது. ஆசையாகப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு மனதில் பதிந்திருக்காது. அதையும் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

கடைக்காரர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பில் போட நகர்ந்தார். என் வயிற்றெரிச்சல் உங்கள் மேல், அவள் மேல். அந்தக் கார் என்ன பாவம் செய்தது?

"அத அக்கட்டால வெய்யுங்க" என்றேன். "அது லாரிக்கு ஆவும்."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கிளவுஸ்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டின் உள்பக்கத்தில் தேய்த்துப் பார்த்து, உறுத்தாத ஒன்றை எடுத்தேன். வாளி இரண்டும் வேறு வேறு நிறம், "ஒரே நெறமா எடுத்தா அவசரத்துல மாத்தி முக்கிப்போடுவ சாமி" என்றேன் அவளிடம். காரின் உடம்பைத் துடைக்க நூல் தொங்கும் துணி, கண்ணாடிக்கு மெல்லிய துணி, டயருக்குத் தனி பிரஷ். பிரஷர் வாஷர் வேண்டாம் என்றேன், நம் ஊர் தண்ணீருக்கு அதன் வாயில் உப்பு அடைத்துக்கொள்ளும். ஷாம்பு பாட்டில்களை மூடி திறந்து திறந்து மோந்து, உங்கள் வாசனையைக் கண்டுபிடித்தேன். ஓட்டைத் தட்டு மட்டும் என் அடுப்படியில் இருந்து.

"ஏனுங்கம்மா, சர்வீஸ் ஸ்டேசன் ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எதுத்த ஊட்டுல இருந்தேனுங்க" என்றேன்.

இன்று காலை வெயில் ஏறும் முன்னால் காரை வேப்பமர நிழலுக்கு நகர்த்தச் சொன்னேன். டியூபை அவளிடம் கொடுத்துவிட்டு கிளவுஸை நான் மாட்டிக்கொண்டேன். நுரைக்குள் கை வழுக்கிக்கொண்டு போனது. பின் சக்கரத்துக்கு மேலே ஒரு சின்னச் சொட்டை இருக்கிறது, இத்தனை வருஷம் பார்த்தும் என் கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது. கதவின் வளைவு, விளக்கின் ஓரம், எல்லாம் உள்ளங்கையில் வந்து வந்து போயின. எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இவ்வளவு சுகத்தையும் நீங்களே வைத்துக்கொண்டா என்னைத் தண்ணீர் மட்டும் பிடிக்கச் சொன்னீர்கள்? ஒரு கதவு, ஒரே ஒரு கதவு கொடுத்திருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? "நானும் கொஞ்சம் தேய்க்கட்டுங்களா ஆன்ட்டி?" என்று அவள் கேட்டாள். பாவமாகத்தான் இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. அப்போதுதான் உங்களை எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

நல்ல தண்ணீர் ஊற்றி, துடைத்து முடித்தோம். திட்டு எல்லாம் போகவில்லை. ஆனாலும் மரத்தின் நிழல் கூரையில் இலை இலையாகத் தெரிந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கப்பறம் அத்தை வேற என்னுங்க பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"வேறொன்னுமில்ல சாமி. அப்படியே நெழல்ல உட்டுப்போட்டு ஊட்டுக்குள்ள போயிருவாங்க" என்றேன்.

பொய். கழுவி முடித்ததும் நீங்கள் முன்கதவைத் திறந்து, "ஏறு. ஓட்டுனாத்தான் இடுக்குல நிக்கிற தண்ணி சிந்தும்" என்பீர்கள். நைட்டியும் ஈரத் துண்டுமாக நீங்கள், முழங்கால் வரை நனைந்த சேலையோடு நான். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பரமத்தி ரோட்டில், ஊரும் அதன் நடுவில் நிற்கிற கோட்டைப் பாறையும் பின்னால் சிறுத்துப்போகும் வரைக்கும் ஓட்டுவீர்கள். காற்றில் சேலை காய்ந்துவிடும். தண்ணீர் சிந்த அவ்வளவு தூரம் வேண்டியதில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். அந்தச் சாலையில் மட்டும் உங்கள் மேல் எனக்குப் பொறாமை இருந்ததில்லை.

சொல்லியிருந்தால், நல்ல பெண், "நீங்களும் ஏறுங்க ஆன்ட்டி" என்றுதான் சொல்லியிருப்பாள். எனக்கு அது வேண்டாம். வாளி சொல்லிக் கொடுத்தேன், துணி சொல்லிக் கொடுத்தேன், காவேரித் தண்ணீரையும் என் குடத்திலிருந்தே ஊற்றினேன். இது ஒன்று என்னோடு இருக்கட்டும் அக்கா. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கழுவிய ஈரத்தோடு, அவள் புருஷனை ஏற்றிக்கொண்டு தானாகவே அந்த ரோட்டில் போய்விடுவாளோ என்று இப்போதே எனக்கு வயிறு எரிகிறது.