மதகைத் திறக்கும் முன் கேட்கச் சொன்னாய்

போன வாரம் மழை விட்ட மறுநாள், ஆபீஸ் ஜன்னல் வழியே நனைந்த உப்பு மண் வாசனை ஏறிக்கொண்டிருந்தது. உனக்குப் பிடிக்காத வாசனை. உடனே ஜன்னலைச் சாத்துவாய். நான் சாத்த எழுந்தபோதுதான் முதலாளி படியேறி வந்தார். மோட்டாரும் மதகும் தானாக இயங்குகிற ஏற்பாட்டை நம்மிடம் முதன்முதலில் வாங்கினாரே, அந்த உப்பளக்காரர். போனை என் மேஜையில் வைத்தார். ஏஐ ஏஜென்ட் அவருக்கு அனுப்பியிருந்த கேள்வி திரையில் இருந்தது.

"மதகைத் திறக்கலாமா? கால்வாயில் யாரும் இல்லை என்று பார்த்துச் சொல்லுங்கள்."

அது உன் வாக்கியம். எந்தக் கட்டளைக்கு எந்த டூலை, அதாவது மோட்டாரையோ மதகையோ இயக்கும் எந்தப் புரோகிராமை, எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது என்று அந்த ஏஜென்ட் படித்துக்கொள்வதற்காக நீ எழுதிய குறிப்பில் இருப்பது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அது இன்னும் உன் வார்த்தைகளில்தான் பேசுகிறது.

"நான் திண்டிவனத்துல கல்யாணத்துல இருக்கேன், இங்க கொட்டுது மழை. நான் பதில் சொல்ற வரைக்கும் இது மழைத் தண்ணிய வெளிய விடாம சும்மா ஒக்காந்துட்டு இருந்திருக்குதும்மா. வாரி எடுக்க வேண்டிய உப்பு, மொத்தமும் கரைஞ்சு போச்சு. தானா செய்யணும்னுதான வாங்கினேன்? அந்த வரிய எடுத்துடுங்க."

சரி என்றுதான் சொன்னேன். அவர் போன பிறகு ஃபைலைத் திறந்து அந்த வரியில் கர்சரை வைத்தேன். அழிக்காமலே மூடிவிட்டேன். நீ அதை ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வேலையில் நாம் சேர்ந்த புதிதில் எல்லாம் எளிதாக இருந்தது. நீ டூல்களைச் செய்தாய், நான் அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று உப்பளக்காரர்களுக்கு எழுதினேன். பிறகு, ஆள் சொல்வதைக் கேட்டு டூல்களைத் தானே இயக்கும் ஏஜென்ட் வந்தது. "பாத்தியைக் காலி பண்ணு" என்று யாரோ சொல்ல, பக்கத்துப் பாத்திக்கு மாற்ற வேண்டிய முற்றிய உப்புநீரை அது கழிவுக் கால்வாயில் விட்டது. 'நீரை வெளியேற்றும்' என்று ஒரே வரிதான் நம் குறிப்பில் இருந்தது. அன்றிலிருந்து குறிப்புகளை நீயே எடுத்துக்கொண்டாய். ஒரு டூலுக்கு ஒரு பக்கம் எழுதினாய்.

"இத்தன எழுதுனா யாருடி படிப்பா?" என்று கேட்டேன்.

"மனுஷன் பாத்திய எட்டிப் பாப்பான். இது நாம எழுதினத மட்டுந்தான் பாக்கும்," என்றாய். "எல்லா டூலையும் முடிச்சிட்டு ஒருநாள் ஒக்காந்து உனக்குச் சொல்றேன், இன்ஷா அல்லாஹ்."

முடிப்பதற்குள் காய்ச்சல் வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

அதனால் உன்னிடம் கேட்க வேண்டியதை உப்பளத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே பாத்தி வேலை செய்யும் செல்வி அக்காவுக்கு உன்னை நினைவிருந்தது.

"அந்த பாய் வூட்டுப் பொண்ணா? மதக முதமுதல்ல ஓட்டிப் பாக்க வந்துச்சே. நான் கால்வாயில எறங்கிக் கால் கழுவிட்டு இருந்தேன். திடீர்னு தண்ணி வந்து முட்டி வரைக்கும் அடிச்சுது. எனக்கு ஒண்ணும் ஆவலன்னு சொல்றேன், அந்தப் பொண்ணு அப்படியே நின்னுடுச்சு. மூஞ்சே வெளுத்துப் போச்சு."

"இப்பவும் அங்கதான் கழுவுறீங்களாக்கா?"

"இல்ல. ஷெட்டுகிட்ட குழா போட்டுட்டாங்களே."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் குழப்பம் கூடித்தான் போனது. காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் காரணம் இப்போது இல்லை. அப்படியானால் வரி வேண்டுமா, வேண்டாமா? நீ இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? தினமும் என் எதிரே உட்கார்ந்துதானே சாப்பிட்டாய்?

வரியை எடுக்கவில்லை. கீழே காரணத்தையும் சேர்த்தேன்: மதகு வாசலில் ஒரு பெண் கால் கழுவிக்கொண்டிருந்தபோது தண்ணீர் திறக்கப்பட்டது என்று. காரணம் தெரிந்தால் ஏஜென்ட் இன்னும் புத்தியாக நடந்துகொள்ளும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் முதலாளி போன் செய்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"ஏம்மா, 'மதகு வாசலில் கால் கழுவும் பெண் போய்விட்டாரா'ன்னு கேக்குது. எந்தப் பொம்பளம்மா? யார் கழுவறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அழுகையும் வந்தது. என்றோ நடந்த ஒன்றை நான் எழுத, அது தினமும் நடப்பதாக எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்கு நேற்று, இன்று என்று நாம்தான் பிரித்துச் சொல்ல வேண்டுமாம். நானே, நீ உட்கார்ந்த எதிர் நாற்காலியைப் பார்த்து ஏதாவது கேட்டுவிட்டு, பிறகுதான் சுதாரித்துக்கொள்கிறேன்.

உட்கார்ந்து திருத்தினேன். முன்பு ஒருமுறை நடந்தது, இப்போது அங்கே யாரும் இறங்குவதில்லை, ஆனாலும் இறங்கக்கூடும் என்று எழுதினேன். கேள்வி முதலாளிக்கு மட்டும் போகாமல், அந்த நேரத்தில் உப்பளத்தில் இருப்பவருக்கும் போகும்படி மாற்றினேன். யார் முதலில் பார்த்துச் சொன்னாலும் போதும். முதலாளியிடம் சொன்னேன். "பாப்போம்," என்றார். அவ்வளவுதான்.

நேற்று சோதனைக்காகக் கேள்வியை என் போனுக்கே வரச் செய்தேன். சரியாகக் கேட்டது: "கால்வாயில் யாராவது இருக்கிறார்களா?"

ஆபீஸிலிருந்து பார்த்தால் ஈசிஆர் ரோடும் எதிர்க்கடையும்தான் தெரியும். செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இரு, எட்டிப் பாக்குறேன்." நடக்கிற சத்தமும் காற்றும் கேட்டன. "யாருமில்ல. தொறந்துக்க."

"யாரும் இல்லை" என்று டைப் செய்தேன். மதகு திறந்தது. நான் பதில் சொன்னது அதற்கா, உனக்கா என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.