பாத்திர மெஷினும் பின்வீட்டுச் சாக்கடையும்

கிழக்குத் தாம்பரம்
19-8-1995

அன்புள்ள ஹெப்சிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்துக் குளிரில் ஜலதோஷம் பிடிக்காமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதமும் டிராஃப்டும் வந்து சேர்ந்தன. எல்லம்மா வேலையை விட்டு ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டோடு போய்விட்டதையும் சோப்புப் பவுடரில் என் விரலெல்லாம் வெடித்துக் கிடப்பதையும் நான் ஏதோ பேச்சுவாக்கில்தான் எழுதினேன், அதற்கு நீ உடனே பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கப் பணம் அனுப்புவாய் என்று நினைக்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் கடைக்காரர்களே வந்து முறையாகப் பொருத்திக் கொடுக்க என்ன செலவு ஆகும் என்று விசாரித்து எழுதச் சொல்லியிருந்தாய். விசாரித்தாயிற்று. பதில் எழுத ஒரு மாதம் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் குரோம்பேட்டைக் கடையிலிருந்து ஒரு ஆள் வந்தார். கழுத்தில் டை கட்டிக்கொண்டு, கையில் பெட்டியோடு, பார்ப்பதற்கு மருந்துக் கம்பெனி ரெப் மாதிரி இருந்தார். சமையலறையை இங்கிருந்து அங்கே அளந்தார். மேடைக்குக் கீழே கேஸ் சிலிண்டர் இருக்கும் இடத்தில்தான் மெஷின் உட்காருமாம், அதற்கு மேடையைத் தாங்கும் கடப்பைக் கல்லில் ஒன்றை எடுக்கவேண்டும், சிலிண்டர் வெளியே போகவேண்டும். பதினைந்து ஆம்பியரில் தனி பாயிண்ட், எர்த், இங்கே சாயங்காலமானால் விளக்கு மங்குகிற மங்கலுக்கு ஒரு ஸ்டெபிலைசர். இதுவரைக்கும் அப்பா தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டே வந்தார். ரயில்வே அக்கவுண்ட்ஸில் இருந்தவருக்கு எஸ்டிமேட் என்றால் கேட்கவேண்டுமா, ரூல் பென்சிலால் கோடு போட்டு, அயிட்டம் ஒரு பக்கம், தொகை ஒரு பக்கம். தோசைக்கல், வாணலி, அலுமினியம் எதையும் உள்ளே வைக்கக்கூடாது என்றார் அந்த ஆள். அடிபிடித்த பால் பாத்திரத்தை முதலில் நாம் சுரண்டிவிட்டு வைக்கவேண்டுமாம். சுரண்டிய பிறகு மெஷினுக்கு அதில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அப்புறம் குழாய்த் தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்து ஒரு காகிதத் துண்டை நனைத்தார். அது நிறம் மாறியதைப் பார்த்துவிட்டு, "சார், இந்த போர் தண்ணிய வெச்சி ஓட்டினா ரெண்டு வருஷத்துல உள்ள சுண்ணாம்பா கட்டிக்கும். அதைத் தடுக்க மாசா மாசம் மெஷினுக்குன்னு உப்பு மூட்டை வாங்கிப் போடணும், அப்பவும் டம்ளரெல்லாம் வெள்ளை பூக்கும்" என்றார். கடைசியாக, அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். பக்கவாட்டுக் குழியைக் காட்டினோம். மெஷின் ஒரேயடியாகத் தண்ணீரைத் தள்ளுமாம், அந்தக் குழி தாங்காது, முதலில் ஒரு பிளம்பரை வைத்து வேறு வழி பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிளம்பர் சிட்டிபாபு மறுநாள் வந்தான். அவன் ஒன்றையும் அளக்கவில்லை. சமையலறைத் தரையில் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, பழைய பைப்பு இங்கதான கீது. அந்தாண்ட பின்னூட்டுத் தொட்டிக்குப் போவுது, நடுவுல யாரோ சிமென்ட் வெச்சி அட்ச்சிக்கீறாங்க. தொறந்து வுட்டா ஆயிரம் ஐநூறுல முட்ச்சிடலாம். இல்லன்னா ஹாலு தரையைப் புல்லா ஒட்ச்சி ரோட்டாண்ட இட்டுனு போவணும், எட்டாயிரம் ஆவும், வூடே பேஜாராப்பூடும்" என்றான். யாரோ சிமென்ட் வைத்து அடைத்த அந்த யாரோ பக்கத்திலேயே பென்சிலோடு நின்றுகொண்டிருந்தார். அப்பா அவனிடம், ஹால் வழிக்கே கணக்குப் போடு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நீ ஹாஸ்டலில் இருந்த வருஷம் நடந்தது என்பதால் உனக்கு இதை முழுதாகச் சொன்னதில்லை. உன் தாத்தா போன பிறகு வீட்டை முன்பாதி நமக்கு, பின்பாதி ஞானையா சித்தப்பாவுக்கு என்று பிரித்தார்கள். கிணறு பின்பக்கம் விழுந்தது. தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் பொது என்று வாய்ப்பேச்சுதான். அந்தக் கோடையில் கிணறு வற்றியபோது சித்தப்பா நமக்கு வந்த குழாயைக் கழற்றிவிட்டார், கேட்டதற்கு ரத்தினபாய் சித்தி ஏதோ சொன்னாள், நானும் ஏதோ சொன்னேன். உங்கள் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம், எங்கள் அழுக்கும் உங்களுக்கு வேண்டாம் என்று அப்பா போர் போட்டு, சாக்கடையை அடைத்து, நடுவில் ஆள் உயரத்துக்குச் சுவரும் எழுப்பிவிட்டார். அதிலிருந்து பேச்சு கிடையாது. அவர்கள் வாசல் பின்தெருவில், நம்முடையது முன்தெருவில். சபையிலும் அவர்கள் காலை ஆராதனை, நாம் அடுத்த ஆராதனை. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடினால் அவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

ஒரு வாரம் அப்பா ஹாலை உடைக்கும் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மெஷின் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு அடைப்பை எடுக்க மனமில்லாமல் ஹாலை முழுக்க உடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருநாள் மத்தியானம் அப்பா பென்ஷன் விஷயமாகப் போயிருந்தபோது நான் புடவை மாற்றிக்கொண்டு தெருவைச் சுற்றிப் பின்வீட்டுக்குப் போனேன். கேட்பது என் வேலை, மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். ரத்தினபாய் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்கக்கா" என்று வழிவிட்டாள். முன்னறைக் கட்டிலில் சித்தப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது காலில் பெரிய கட்டு. கட்டு பாதி வழியிலேயே முடிந்துவிட்டது, அதற்கு மேல் பாதம் இல்லை. செருப்பு கடித்த புண், சர்க்கரை இருந்தது தெரியாமல் விட்டுவிட்டார், விரல்களோடு முன்பாதியை எடுத்துவிட்டார்கள். மே மாதமே, பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் வந்ததும் பின்தெரு வழியாக. ரேடியோ மட்டும் வழக்கம்போலப் பாடிக்கொண்டிருந்தது.

ரத்தினபாய், "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா. தெரிஞ்சும் வரலைன்னு நெனச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிலிண்டரில் கேஸ் தீர்ந்துபோயிற்று என்கிற மாதிரிச் சொன்னாள். எங்களுக்குத் தெரியாது என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அதை நம்புவது கஷ்டம் என்று எனக்கே தோன்றியது. சித்தப்பாதான் பேச்சை மாற்றி, "அண்ணி, இவ்ளோ நாள் கழிச்சி வந்திருக்கீங்க, என்ன விஷயம்?" என்று கேட்டார். வேறு எதுவும் வாயில் வராமல் சாக்கடையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவ மெஷினா என்று இரண்டு முறை கேட்டுச் சிரித்தார். அப்புறம், அண்ணாவை வந்து கேட்கச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார், சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எந்தக் கால் என்று மட்டும் கேட்டார். வலது என்றேன். மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, எஸ்டிமேட் காகிதத்தையும் அளக்கிற டேப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். நீ அங்கே இருந்திருந்தால் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும், அல்லது அழுகை வந்திருக்கும், எனக்கு இரண்டும் வரவில்லை. நேராக உள்ளே போய்க் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "ஞானம், அந்தப் பழைய பைப்பு நாலு இஞ்சா, மூணா?" என்று கேட்டார். "நாலு இஞ்சுதான் அண்ணா" என்றார் சித்தப்பா. தொட்டி எவ்வளவு ஆழம், எப்போது சுத்தம் செய்தது, வாட்டம் எந்தப் பக்கம் என்று அப்பா கேட்டுக்கொண்டே போனார், சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். காலைப் பற்றி இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரத்தினபாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள், இவர் குடித்தார்.

தண்ணீர் விஷயம் வந்தபோது, போர் தண்ணீர் மெஷினுக்கு ஒத்துக்கொள்ளாதாம், மாதம் ஒரு மூட்டை உப்பு ஆகுமாம் என்று அப்பா பொதுவாகச் சொன்னார். சித்தப்பா, "கெணத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்கு அண்ணா. மெஷினுக்கு அதையே எடுத்துக்கோ. குழா பாயிண்ட் அப்படியேதான் இருக்கு, நான் பேத்தெடுக்கல" என்றார். அப்பா பென்சிலை எடுத்து உப்பு மூட்டை வரியை அடித்துவிட்டு, அரை இஞ்சுப் பைப்பு என்று அதன்மேல் எழுதினார். குழாய் எங்கே என்று காட்டுகிறேன் என்று சித்தப்பா எழுந்தார். பக்கத்தில் ஊன்றுகட்டை இருந்தது, பழக்கதோஷத்தில் அதை எடுக்காமல் வலது காலை ஊன்றிவிட்டார். விழப்போனவரை அப்பா இரண்டு கையாலும் அக்குளில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை, அவரும் நிமிரவில்லை. ரத்தினபாய் ஓடிவரப் பார்த்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். "டேய், ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று அப்பா கேட்டது எனக்குக் கேட்டது. "சொல்லி அனுப்பினா வந்திருப்பியா?" என்று அவர் கேட்டதும் கேட்டது. "வந்திருப்பேன்டா" என்றார் அப்பா. அதன் பிறகு இரண்டு பேருமாகக் கிணற்றடிக்குப் போய்க் குழாயைப் பார்த்தார்கள்.

போன சனிக்கிழமை சிட்டிபாபு வேலையை ஆரம்பித்தான். கிணற்றுத் தண்ணீர்ப் பைப்பு இந்தப் பக்கம் வரச் சுவரின் அடியில் ஒரு ஓட்டை போடவேண்டும். அப்பா சுவரில் கரிக்கட்டியால் ஒரு பெரிய கட்டம் போட்டு, அதை முழுக்க இடி என்றார். அவன் திகைத்துப்போய், "சார், பைப்புக்கு இம்மாந்தூண்டு ஓட்டை போதும் சார். இன்னாத்துக்கு வாசப்படி கணக்கா இட்ச்சிக்கினு?" என்று கேட்டான். "எஸ்டிமேட்ல எழுதியிருக்கு, இடி" என்றார் அப்பா. காகிதத்தை எடுத்துப் பார்த்தேன், எழுதித்தான் இருந்தது, கதவு ஒன்று, நிலையோடு என்று. சித்தப்பாவால் தெருவைச் சுற்றி வரமுடியாதல்லவா. இப்போது கட்டை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறார். கதவு இன்னும் மாட்டவில்லை, கோணியைத் தொங்கவிட்டிருக்கிறோம். சித்திக்கும் எனக்கும் பழைய மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன், பேசுகிறோம், குழம்பு கொடுத்துக்கொள்கிறோம், மெதுவாகத்தான் வரும்.

ஆகவே நீ கேட்ட கணக்கு இது. பின்பக்கச் சாக்கடை வழியாகப் போட்டால் பிளம்பர் கூலி, பைப்பு, கரண்ட் பாயிண்ட், ஸ்டெபிலைசர், கடப்பைக் கல் வேலை எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆகும். மெஷின் விலை தனி. கதவுச் செலவை உன் பணத்தில் சேர்க்கவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். மெஷின் வாங்கிவிடலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். சித்திக்குக் காலையும் மாலையும் புண் கட்டுவதற்கே பொழுது போய்விடுகிறது, இரண்டு வீட்டுப் பாத்திரமும் போட்டால் அந்த மெஷினுக்கும் வேலை இருக்கும். தோசைக்கல்லை நான் தேய்த்துக்கொள்கிறேன். மழையில் கார் ஓட்டும்போது மாப்பிள்ளையை நிதானமாகப் போகச் சொல், நீயும் ரொட்டியைத் தின்றே காலத்தை ஓட்டாமல் ஒரு வேளையாவது சோறு பொங்கிச் சாப்பிடு, சர்க்கரை நம் குடும்பத்தில் இருக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது, அங்கே ஒரு தரம் ரத்தம் பரிசோதனை செய்துகொள்.

இன்னும் ஒன்று. நேற்று சித்தப்பா உன் கல்யாண ஆல்பத்தைக் கேட்டார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு உன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று நீ எவ்வளவு அழுதாய் என்பது எனக்குத் தெரியும், அதை மறந்துவிடு என்று நான் சொல்லமாட்டேன். பத்திரிகையை நாமும் தபாலில்தான் போட்டோம் என்பதை மட்டும் சொல்கிறேன். சௌகரியப்படும்போது அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. காலைப் பற்றிக் கேட்காதே, அவருக்குப் பிடிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் இரண்டு பக்கம் பதில் எழுதுவார்.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஆல்பத்தைச் சித்தப்பா இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்படிக்கு உன் அன்புள்ள அம்மா
பியூலா வேதசிரோமணி