பூனம் சேலை நட்சத்திரம்

டிசம்பர் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளாக ஈரம். திராட்சை செட்டில் இன்றும் வேலை இல்லை. நனைந்த பழத்தை எவன் பெட்டி போடுவான்.

காபி போடுவதற்குள் அத்தை பரண் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "ஏத்தா ஜெயா, நட்சத்திரக் கூட்ட இறக்கு. தெருவுல எல்லாரும் கட்டிட்டாக. நம்ம வாசல்தேன் இருட்டாக் கெடக்கு."

எனக்கு வந்ததே கோபம். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவதில்லை, குடில் வைப்பதில்லை. ராயப்பன்பட்டியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அத்தைக்குத் தெரியாமலா? தெரிந்துதான் கேட்கிறார். கட்டிவிட்டால் இந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று ஆகிவிடும், அதற்குத்தான்.

போன மாதம் மழையில் ஆறு ஏறியபோது, தோட்டத்து மோட்டார் முங்கிவிடும் என்று தூக்கப் போனார் என் வீட்டுக்காரர். மோட்டார் கிடைத்துவிட்டது. கரையில் கவிழ்ந்து கிடந்தது. கழுவிக் காயவைத்தால் ஓடும் என்று மெக்கானிக் சொன்னார். இவர் கிடைக்கவில்லை. வீரபாண்டி வரைக்கும் தேடினார்கள். தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகைக் காற்றுப் பிடுங்கி மடித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தையும் பக்கத்தில்தான் நின்றார். "நீச்சல் தெரிஞ்ச புள்ள. எங்கனயாச்சும் கரையேறியிருப்பான். அடிபட்டு நெனப்புத் தப்பியிருக்கும்" என்றார். இன்றுவரை அதே பேச்சு.

கூட்டை இறக்கிக் கொடுத்தேன். கட்டெல்லாம் எலி கடித்து, மூங்கில் சிம்புகள் தனித்தனியாக வந்துவிட்டன. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

டிசம்பர் 10, புதன்

நல்லதாகப் போகவில்லை. "புதுசாக் கட்டு."

கடையில் வாங்கலாம் என்றேன். கடையில் வாங்கினது இந்த வாசலில் தொங்கினதே இல்லையாம். அவன் கையால்தான் கட்டுவானாம். அதனால் நான் கட்ட வேண்டுமாம். என்ன நியாயமோ.

தோட்டத்துப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்த மூங்கில் ஒன்று முறிந்து கிடந்ததை இழுத்து வந்தேன். பிளக்கும்போது இடது கட்டைவிரலில் அரிவாள். மஞ்சள் வைத்துக் கட்டினேன். இத்தனை வருஷம் இவர் கட்டுவார், நான் பல்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என்ன செய்கிறார் என்று ஒரு நாளாவது பார்த்திருக்கலாம்.

ஐந்து முனை வைத்து இரண்டு சட்டம். முனைக்கு முனை சேர்த்துக் கட்டி, நடுவில் குச்சி கொடுத்து உப்ப வைக்க வேண்டும். கட்டிப் பார்த்தால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. முடிச்சு வேறு நழுவுகிறது. தூக்கி எறியப் போனேன்.

ஷைனி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தவள், தலையை நிமிர்த்தாமலே, "அப்பா நூல நனைச்சுக் கட்டுவாரும்மா. காயும்போது இறுகிக்கிரும்."

அப்பா என்று அவள் வாயில் வந்து ஒரு மாதம் இருக்கும். நூலை நனைத்தேன். நின்றது.

வாங்க வேண்டியது: மைதா, அந்துருண்டை, ஷைனிக்கு பேனா.

டிசம்பர் 13, சனி

வெயில் கொஞ்சம். தலையணைகளைக் காயப்போட்டேன்.

அல்லிநகரத்திலிருந்து கொழுந்தன் வந்தார். அங்கே ஹார்டுவேர் கடை, சனிக்கிழமை கடையை விட்டுவிட்டு வருகிறவர் இல்லை. வந்ததும் மூங்கில் சட்டத்தைப் பார்த்தார். நேராக அடுப்படிக்கு வந்தார்.

"மதினி, பங்குச் சாமியார்ட்டப் பேசிட்டேன். பண்டிகைக்கு முன்னாடி அண்ணனுக்கு ஒரு பூசை வச்சுருவோம். எத்தன நாளைக்கு இப்படியே இருக்க முடியும்?"

அத்தைக்குக் காது மந்தம் என்பார்கள். இதெல்லாம் மட்டும் கேட்கும். கேப்பை விதைத்துக்கொண்டிருந்த கையோடு வந்துவிட்டார். குடிலுக்குப் புல்லாக, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் மண் போட்டு விதைப்பது அவர் வேலை.

"உசுரோட இருக்கவனுக்கு எந்தச் சாமியாருடா செத்தவுக பூசை வைப்பாக? ஒனக்கு அவ்வளவு அவசரமா?"

"ஆத்தா, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

கொழுந்தன் என்னைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க மதினி."

நான் பசை கிண்டிக்கொண்டிருந்தேன். மைதாவில், இவர் மருந்தடிக்க வாங்கி மிச்சம் வைத்திருந்த மயில்துத்தம் ஒரு சிட்டிகை. எலியும் பூச்சியும் வராது. நீலமாகக் கரைந்து வருவதையே பார்த்துக்கொண்டு, "பசை அடிப்பிடிச்சிரும் தம்பி" என்றேன்.

சாப்பிடாமல் போய்விட்டார். என் கோழைத்தனம்தான். வேறென்ன.

டிசம்பர் 14, ஞாயிறு

கோயிலில் எங்களுக்குப் பின் பெஞ்சில்:

"கட்டப் போறாகளாம்ல."

"கெழவிக்குப் புத்தி பெசகிப்போச்சு, பாவம்."

"கெழவிக்குச் சரி. மருமகளுக்கு என்ன கேடு?"

திரும்பி முறைத்தேன். இரண்டு பேரும் ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று ஞாபகமில்லை.

பின்மதியம் மறுபடி மழை. தலையணைகளை எடுக்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 17, புதன்

நட்சத்திரத்துக்கு எதை ஒட்டுவது என்று இரண்டு நாளாகப் பஞ்சாயத்து. இவர் எப்போதும் வெள்ளைக் காகிதம்தான் ஒட்டுவார், சிவப்பில் வால் விடுவார். "இந்த வருசம் வெள்ள வேணாம்" என்றார் அத்தை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கலர்த்தாள் வாங்கிவந்தால் இந்த ஈரத்தில் இரண்டே நாளில் தொளதொளத்துவிடும். ஷைனி பழைய சார்ட் பேப்பரைக் கொண்டுவந்தாள். வெளிச்சம் தெரியாது என்று தள்ளிவிட்டேன்.

பீரோவைத் திறந்தேன். சிவப்புப் பூனம் சேலை. கம்பத்தில் இவர் வாங்கியது. விலை மலிவு, ஆனால் தேர்ந்தெடுத்தது இவர். மெல்லிசு, பல்பு போட்டால் சிவப்பாக எரியும், மழை பட்டாலும் ஒன்றும் ஆகாது. இனிமேல் இதை நான் எங்கே கட்டப் போகிறேன். இந்த ஊரில் எனக்கு சிவப்பு முடிந்தது.

கூடத்தில் விரித்துப் போட்டு வெட்டினேன். பயமாக இருந்தது. அழுகை வரவில்லை. இதுவரை நான் மனதுக்குள் வைத்திருந்ததைக் கத்திரி சத்தமாகச் சொல்கிறமாதிரி இருந்தது.

அத்தை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். நல்ல சேலையை ஏண்டி வெட்டுற, அவன் வந்தால் கேட்கமாட்டானா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் பதில் வைத்திருந்தேன்.

"முந்தானைய வீணாக்காத. வாலு விட ஆகும்" என்றார். எழுந்து கேப்பைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

டிசம்பர் 19, வெள்ளி

திராட்சை செட்டு திறந்தாயிற்று. நின்றே வேலை. கால் வீக்கம்.

ஷைனி போனில் பார்த்துச் செய்தவை: பாட்டில் மூடி மாலை இரண்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை மடித்து, சிறகு வைத்த சம்மனசு ஆறு (ஒன்றுக்குத் தலை இல்லை). தேங்காய்ச் சிரட்டையில் விளக்கு. பொட்டியில் போடும் நியூஸ்பேப்பரைச் சுருட்டி ஒரு வளையம், அது எதற்கு என்று அவளுக்கே தெரியாது. ஒரு பைசா செலவில்லை. அப்பத்தாவும் பேத்தியுமாகச் சிமெண்டுச் சாக்கை மண் கரைசலில் முக்கிக் காயவைத்து மலை செய்திருக்கிறார்கள். பார்த்தால் மேகமலை மாதிரியே இருக்கிறது.

மூடியில் ஊசியைக் கோத்துக்கொண்டே கேட்டாள். "அம்மா. அப்பா செத்துட்டாரா?"

அத்தை கொல்லையில் இருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றேன்.

வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. முதலில் சொன்னது பெற்ற பிள்ளையிடம். ஷைனி அடுத்த மூடியை எடுத்தாள். அதையும் கோத்தாள்.

"அப்ப எதுக்கு இதெல்லாம்?"

"ஒங்க அப்பத்தாவுக்கு."

"சரி" என்றாள். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தொட்டி நிறைந்து வழிகிறவரை வெளியே வரவில்லை. நான் தட்டவும் இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கட்டியாயிற்று. ஏணி வைத்து நானே ஏறி, வாசல் இரும்புக் கம்பியில் நூலை நனைத்து நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். அத்தை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஷைனி சுவிட்சைப் போட்டாள்.

கோணல் நட்சத்திரம். ஒரு முனை குட்டை, ஒரு இடத்தில் சேலைப் பூ தலைகீழாக. ஆனாலும் நன்றாகத்தான் எரிகிறது. வாசல் படி, சைக்கிள், எங்கள் முகமெல்லாம் சிவப்பு.

தெருவில் ஒவ்வொரு வீடாக வெளியே வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும், "கட்டிட்டிகளா?" என்று கேட்டார். நன்றாயிருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அத்தை நாற்காலியை எடுத்துப்போட்டு அதற்கு அடியிலேயே உட்கார்ந்தார். தெரு முனையில் ஆள் வரும்போதெல்லாம் கழுத்து திரும்புகிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

மழை இல்லை. இன்று எங்கள் தெருவுக்கு பாலன் ஏசு வருகிற முறை.

வருஷா வருஷம் நடப்பதுதான். குழந்தை சுரூபத்தைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, கொட்டடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். முன்னால் ஒருவன் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஆடுவான். வீட்டில் ஒரு பாட்டுப் பாடி, எல்லாரும் குழந்தையின் காலில் உதடு வைத்து முத்தி செய்து, தட்டில் பழம் வைத்துக் கொடுக்க வேண்டும்.

அத்தை நாலு மணிக்கே குளித்துவிட்டார். தட்டில் பழம், கேக், மெழுகுவத்தி, தீப்பெட்டி. கேப்பைப் புல் ஒரு சாண் வளர்ந்து நிற்கிறது. தலையில்லாத சம்மனசைப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்.

பொழுது சாய்ந்ததும் தெருக்கோடியில் கொட்டுச் சத்தம். நாலாவது வீடு. மூன்றாவது வீடு. பக்கத்து வீட்டில் பாட்டு. அத்தை மெழுகுவத்தியைக் கொளுத்தினார்.

பாட்டு முடிந்தது. கொட்டு எழும்பவில்லை.

எங்கள் வாசலைக் கடந்து போனார்கள். தலையைக் குனிந்துகொண்டு, செருப்புச் சத்தம்கூட வராமல். தாத்தா வேஷக்காரன் கையிலிருந்த பலூனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நடந்தான். கூடையின் மேல் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். மரியாதைக்குத்தான் அப்படி. சாவு வீட்டுக்குச் செய்கிற மரியாதை. எங்கள் வீட்டைத் தாண்டி இரண்டு வீடு போன பிறகு கொட்டு ஆரம்பித்தது. தாத்தா மறுபடி ஆடினான்.

அத்தை தட்டோடு நின்றுகொண்டிருந்தார். மெழுகு அவர் விரலில் ஒழுகியது. உதறவில்லை.

நானும் இதைத்தானே இத்தனை நாளாகச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்? எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பற்றிக்கொண்டு வந்தது. செருப்புப் போடாமல் ஓடினேன். கொட்டுக்காரன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எங்க வாசல்ல நட்சத்திரம் எரியுறது தெரியல? ஒங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

பாட்டுக் கூட்டத்தை நடத்திவந்த உபதேசியார் முன்னால் வந்தார். "இல்லத்தா, ஒங்க மனசு சங்கடப்படுமேன்னுதேன்..."

"வாங்க."

வந்தார்கள். கொட்டடிக்காமல் ஒரு பாட்டு, மெதுவாக. தாத்தா முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அத்தை குழந்தையின் பாதத்தை முத்தி செய்தார், பழத்தைக் கொடுத்தார், எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அவர்கள் போனார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து விரலிலிருந்து மெழுகை உரித்துக்கொண்டே கேட்டார். "நீ போயிக் கூப்டியாக்கும்."

"ஆமா அத்தை."

"கூப்டாம வந்துருப்பாகளா?"

பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. "மாட்டாக" என்றேன்.

உரித்த மெழுகை உருட்டித் தட்டில் வைத்தார். பிறகு, "நீ அந்தச் சேலைய வெட்டுனப்பவே எனக்குத் தெரியும்த்தா. அவன் வருவான்னு நெனச்சா நீ அதத் தொட்டிருக்க மாட்ட" என்றார்.

அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அழுதேன். ஆற்றங்கரையில்கூட இப்படி அழவில்லை.

"லைட்ட அமத்து" என்றார் அத்தை. ஷைனி அமர்த்தினாள்.

டிசம்பர் 24, புதன்

வானம் வெளுத்துவிட்டது. மலை முழுசாகத் தெரிகிறது. துணி எல்லாம் காய்ந்தது.

அத்தையே ஷைனியை விட்டுக் கொழுந்தனுக்குப் போன் போடச் சொன்னார். "சனிக்கெழம பூசைக்குச் சொல்லிருடா" என்றார், அவ்வளவுதான். குடிலைக் கலைத்து, கேப்பைப் புல்லை எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டார். சாக்கு மலை மட்டும் கொல்லையில் நிற்கிறது.

நட்சத்திரத்தைக் காட்டி, "அதையும் இறக்கிரு" என்றார். ஏணியை அவரே கொண்டுவந்து போட்டார், பிடித்துக்கொண்டார்.

ஏறினேன். நூல் காய்ந்து இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்தேன். அசையவில்லை.

"என்னத்தா?"

"முடிச்சு அவுறல அத்தை."

"அருவாளக் கொண்டாரச் சொல்றேன். அறுத்துரு."

ஷைனி அரிவாளை எடுத்துவந்து நீட்டினாள். வாங்கினேன். நூலில் வைத்தேன்.

"அவரு வந்து அவுக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன்.