புளியாரை என்று நான் பிடுங்கிய ஆறு செடிகள்

அண்ணை,

நேற்று லா கூர்னெவ் தோட்டத்தில், உங்கள் பாத்தியில் ஒரு பிரெஞ்சுப் பெண் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். உங்கள் தோட்டத் துண்டை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பல வருடம் வரிசையில் காத்திருந்தவளாம். நல்ல பிள்ளை, என்னைக் கண்டதும் எழுந்து வணக்கம் சொன்னாள். நான் அவள் காலடியில் கிடந்த குவியலைப் பார்த்தேன். மும்மூன்று இலையாக, சிவந்த தண்டோடு, உங்கள் ஓக்காக் கிழங்குச் செடி. எவ்வளவு கவனமாகக் கிண்டினாலும் பொடிக் கிழங்கு நாலைந்து மண்ணுக்குள் தங்கி, மே மாதத்தில் முளைத்து வந்துவிடும். நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த சிறுகரண்டி கீழே விழுந்தது. "களை என்று நினைத்துவிட்டேன், மன்னியுங்கள்" என்றாள்.

பிடுங்கியவற்றை ஈரக் கடதாசியில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினேன். கார் து நோர் நிலையம் வரும்வரை விரலில் அந்தப் புளிப்பு மணம் போகவில்லை. அவள் சொன்னது உண்மை. அதே வசனத்தை நான் உங்களுக்குச் சொன்னபோது அது பொய். நீங்கள் இருக்கும்வரை அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஒப்புக்கொள்ளப் போகிறேன். ஆனால் அதற்கு முன், நீங்கள் என்னை எவ்வளவு எரிய வைத்தீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பதினைந்து வயதில் மண்வெட்டி பிடித்த கமக்காரன். வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் செய்தவன். இங்கே வந்து லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன், அது வேறு கதை. நீங்கள் ரூ லூயி-பிளாங்கில் கடை போட்டு விமான டிக்கெட் விற்றவர். ஊரில் உங்கள் வீட்டில் பூச்சாடி கூட இருந்ததில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நமக்கு அடுத்தடுத்த துண்டு கிடைத்தபோது நான் உள்ளுக்குள் சிரித்தேன். இவருக்கு நான் எல்லாம் காட்டிக் கொடுக்க வேண்டிவரும் என்று நினைத்தேன், அந்த நினைப்பு இனிப்பாகவும் இருந்தது.

நடந்தது என்ன? என் கத்தரி காய் வைக்காமல் பூவெல்லாம் கொட்டியது. மிளகாய் நகத்தளவில் நின்றுவிட்டது. உங்களுக்கோ, லீமாவுக்கு டிக்கெட் எடுக்க வந்த ஒரு பெரு நாட்டு அம்மா ஒரு கை கிழங்கு கொடுத்துவிட்டுப் போனார். மலையில் குளிருக்குள் விளைகிற கிழங்கு, பாரிசுக்கும் ஒத்துக்கொள்ளும் என்றாராம். நீங்கள் அதை நட்டீர்கள். புதர் புதராக இலை வந்தது.

ஊரில் நாம் நட்ட நாளிலிருந்து நாளை எண்ணுவோம். உருளைக்கிழங்கு என்றால் தொண்ணூறு. அந்தக் கணக்கில் ஆகஸ்டில் உங்களைப் பக்கத்தில் நிறுத்திவைத்து ஒரு செடியைக் கிண்டிக் காட்டினேன். வெறும் வேர். "இது பூச்செடி அண்ணை, கிழங்கு கிடையாது. அந்த மனிசி உங்களைப் பேய்க்காட்டிப் போட்டுது" என்றேன். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. "அந்த அம்மா பகல் கட்டையானாப் பிறகுதான் கிழங்கு வைக்கும் எண்டவ. பாப்பம்" என்று மட்டும் சொன்னீர்கள். வருடம் முழுவதும் பகல் கிட்டத்தட்ட ஒரே நீளமாக இருக்கிற ஊரில் கமம் செய்தவனுக்கு, பகலைப் பார்த்துக் கிழங்கு வைக்கிற செடி ஒன்று இருக்கும் என்று எப்படித் தெரியும்?

நவம்பரில் உறைபனி விழுந்து உங்கள் செடிகள் கறுத்துச் சரிந்தன. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நீங்கள் அப்போதும் கிண்டவில்லை. செத்த தண்டிலிருந்து இன்னும் கிழங்குக்கு இறங்கும் என்று இரண்டு கிழமை பார்த்திருந்தீர்கள். பிறகு ஒரு ஞாயிறு, கையாலேயே மண்ணை விலக்கினீர்கள். விரல் நீளத்தில், மெழுகு பூசியதுபோல, ரோஸ் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. ஒன்றரை வாளி. நான் "நல்லாயிருக்கு" என்றேன். அந்த ஒரு சொல்லை வாயிலிருந்து எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உங்கள் வீட்டில் அக்கா அதில் பழப்புளி விடாமலே குழம்பு வைத்தார். கிழங்கின் புளிப்பே போதுமாக இருந்தது. புட்டோடு மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, அதுதான் இன்னும் கொடுமை. நீங்கள் கடை கடையாகப் பை கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். ஒரு மாதத்துக்குள் லா ஷப்பல் முழுக்க உங்களுக்குப் பெயர் "கமக்காரர்". என் காது கேட்க, நான் சாமான் வாங்கிக்கொண்டு நிற்க, "கமக்காரர் வாறார், வழி விடுங்கோ" என்பார்கள். அந்தப் பெயர் என்னுடையது அண்ணை. அதற்குரிய வேலையை நான் செய்திருக்கிறேன். உங்களுக்கு அது ஒன்றரை வாளிக் கிழங்கில் கிடைத்தது.

அடுத்த வருடம் மகளின் கலியாணத்துக்குக் கனடா போனீர்கள். மூன்று கிழமை தண்ணீர் ஊற்றச் சொல்லி தோட்டக் கதவுப் பூட்டின் திறப்பைத் தந்தீர்கள். இருபத்துநாலு செடி. முதல் கிழமை ஒழுங்காக ஊற்றினேன். இரண்டாம் கிழமை ஒரு மாலை, என் பாத்தியைப் பார்த்தேன், உங்கள் பாத்தியைப் பார்த்தேன். கொழுத்த செடியாகப் பார்த்து ஆறைப் பிடுங்கி எருக்குவியலில் போட்டேன். ரயிலில் வரும்போதுதான் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஓக்காவின் இலை, களையாக முளைக்கிற புளியாரையின் இலை அச்சாக இருக்கும். அது போதும்.

நீங்கள் வந்ததும் நானே முந்திக்கொண்டேன். "அண்ணை, ஒரு பிழை விட்டிட்டன். புளியாரை எண்டு நினைச்சு ஒரு ஆறைப் பிடுங்கிப் போட்டன்." நீங்கள் பாத்தியை ஒரு முறை நடந்து பார்த்தீர்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

அந்தக் கிழமையே கதை கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. மரக்கறிக் கடையில் கீரைக்கட்டை நீட்டி, "அண்ணை, உதுக்கை புளியாரை கிடக்கோ எண்டு ஒருக்காப் பாத்துத் தாங்கோ" என்றார்கள். நான் வேலை செய்கிற கடையில் சமையல்காரன் கொத்தமல்லியைக் காட்டி என்ன செடி என்று கேட்டான். கமத்தில் வளர்ந்தவனுக்குக் களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாதாம். தெரியும் என்று சொன்னால் நான் கள்ளன். தெரியாது என்றால் மொக்கன். நாலு வருடம் மொக்கனாக இருந்தேன்.

போன வருடம் உங்களிடமே விதைக்கிழங்கு வாங்கி நானும் ஓக்கா நட்டிருந்தேன். ஒக்டோபரில் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். பாதியாகியிருந்தீர்கள். "இந்த முறை என்ரையையும் நீதான் கிண்ட வேணும். பனி விழுந்து ரெண்டு கிழமை செல்லட்டும், முந்திப் போகாதை" என்றீர்கள். எனக்கு, கிழங்கு கிண்டப் பாடம். அந்தப் படுக்கையிலும் நீங்கள் எனக்குச் சொல்லித் தருகிறீர்களே என்று எரிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டே கேட்டீர்கள்.

"களை பிடுங்கிறவன் ஒரு கரையிலை தொடங்கிப் பிடுங்குவான் என்ன?"

நான் உங்கள் போர்வையின் நுனியை இழுத்துவிட்டேன்.

"நீ இடைக்கிடை கொழுத்ததாப் பாத்துப் பிடுங்கியிருந்தாய். எனக்கு அண்டைக்கே தெரியும். அதாலைதான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்."

சிரிக்கப் போய் இருமினீர்கள். தாதி உள்ளே வந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தப் பழ யூஸைக் குடியுங்கோ அண்ணை" என்றேன். அடுத்த கிழமை நீங்கள் இல்லை.

சொன்னபடி காத்திருந்து, டிசம்பர் முதல் ஞாயிறு இரண்டு பாத்தியையும் கிண்டினேன். விதை ஒன்று, மண் ஒன்று, நீங்கள் படுத்த நாளிலிருந்து தண்ணீர் ஊற்றியவனும் நான் ஒருவன். என்னுடையது ஒன்றேகால் வாளி. உங்களுடையது இரண்டு வாளி நிரம்பி மேலே குவிந்தது. நான் ஈர மண்ணில் இருந்துகொண்டு வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டினேன். வேலிக்கு அந்தப்பக்கம் போர்த்துக்கேயக் கிழவர் நான் யாரோடோ தொலைபேசியில் சண்டை பிடிக்கிறேன் என்று நினைத்து அப்பால் போய்விட்டார். அக்காவுக்கு உங்கள் வாளியிலிருந்து ஒரு கிழங்கு குறையாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கமக்காரற்றை கை" என்று சொல்லி அவர் அழுதார். அப்போதும் எனக்கு எரிந்தது.

இந்த எரிச்சல் போகவில்லை, போகவும் வேண்டாம். இந்த ஊரில் நான் மொக்கன் இல்லை என்று அறிந்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஓம் அண்ணை, தெரிஞ்சுதான் பிடுங்கினனான்.