பாட்டில் இல்லாத பன்னிரண்டு பேர்

டீச்சர்,

இன்று வெள்ளனே பூம்பாறையில் பூண்டு ஏற்றினேன். பரணில் கட்டிப் புகைபோட்ட பூண்டு. கொடைக்கானல் வருவதற்குள் ஜீப் முழுக்க அந்த வாசனை. எனக்கு அது பள்ளிக்கூட வாசனை. நீங்கள் முதல் பள்ளியைத் தொடங்கியதே ஒரு பூண்டுக் கொட்டகையில்தானே! கூரைத் தகரம் ஏற்றி வந்தவன் நான். அன்று வளைவில் நின்ற ஒற்றை யானை, என் ஹாரனைக் கேட்டுச் சலாம் போட்டு ஒதுங்கியதாக நான் சொன்னதை ஊரே நம்பியது. "அது காட்டெருமைதானேண்ணே?" என்று நீங்கள் மட்டும் கேட்டீர்கள்.

நான் ஆறாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். ஆனாலும் சொல்கிறேன், உங்களைப் போல வருகை எடுத்தவர் இந்த மலையிலேயே கிடையாது. பிள்ளைகளின் பெயர்களைக் கோத்து நீங்களே ஒரு பாட்டுக் கட்டியிருந்தீர்கள். ஆளுக்கு ஒரு வரி. "கேரட் காட்டுக்குக் காவல் யாரு?" என்று நீங்கள் பாடினால், "கலாவதி நான்தான், வந்து பாரு!" என்று அந்தப் பிள்ளை எழுந்து முடிக்கும். பத்தொன்பது பிள்ளைகள், பத்தொன்பது வரிகள்.

அங்கீகாரத்துக்கு முப்பது பிள்ளைகள் வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான் என்றார்கள். அதிகாரி வரும் நாளில், உங்களிடம் கேட்காமலே கீழ்மலைக்குப் போனேன். காபித் தோட்டத்தில் வேலை செய்யும் மலைக்குடிகளின் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை மிட்டாய் கொடுத்து அள்ளி வந்து பின்வரிசையில் உட்கார வைத்தேன்.

அதிகாரி தலையெண்ணினார். முப்பத்தொன்று. முகம் மலர்ந்து, "வருகை எடுங்கம்மா" என்றார். பாட்டு தொடங்கியது. பத்தொன்பதாவது வரியோடு நின்றது. பின்வரிசை திருதிருவென்று விழித்தது. நான் உங்களுக்குக் கண்ணைக் காட்டினேன். நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுபவர் நீங்கள். பன்னிரண்டு வரி உங்களுக்கு ஒரு மூச்சு.

"இவங்க பேரே எனக்குத் தெரியாது சார். டிரைவரண்ணன் பாசத்துல கூட்டிட்டு வந்துட்டாரு. எங்க பிள்ளைங்க பத்தொன்பதுதான்."

அதிகாரி ஃபைலை மூடிக்கொண்டு கிளம்பினார்.

"ஒரு பாட்டுல பள்ளிக்கூடத்தையே கவுத்துப்புட்டீங்களே டீச்சர்!" என்று கத்தினேன். நீங்களோ நேரே பின்வரிசைக்குப் போய்க் குனிந்து, "நீங்கல்லாம் எந்தப் பள்ளிக்கூடம் கண்ணு?" என்றீர்கள்.

"எங்களுக்குப் பள்ளிக்கூடமே கெடையாது" என்றாள் மிட்டாய் வாயோடு ஒருத்தி. "எம்பேரு எப்ப பாட்டுல வரும்?"

"அண்ணே, வண்டிய எடுங்க. வெரசா. கீழ எடம் பாக்கணும்."

இருந்த பள்ளி கையைவிட்டுப் போன நாளிலேயே அடுத்த பள்ளிக்கு இடம் பார்க்கக் கிளம்பிய ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு பெயராகக் கேட்டீர்கள். பிள்ளைகள் இறங்குவதற்குள் பன்னிரண்டு வரிகளும் தயார். பயத்திலோ பக்தியிலோ, அன்று நான் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. மறு வருஷம் இரண்டிலும் நிஜமாகவே முப்பது பிள்ளைகள் சேர்ந்து, இரண்டு பள்ளிகளுக்குமே அங்கீகாரம் வந்தது.

அந்த இரண்டையும் நான்தான் கட்டினேன் என்று டூரிஸ்டுகளிடம் அளந்துகொண்டு திரிகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எதையும் ஒன்றுக்கு மூன்றாகத்தான் என் வாய் சொல்லும். ஆனால் காலையில் பிள்ளைகளை ஏற்றி வந்து கீழ்மலைப் பள்ளி வாசலில் ஜீப்பை நிறுத்தியதும், "இன்னைக்கு எத்தன பேருண்ணே?" என்று உங்கள் இடத்துக்கு வந்த புது டீச்சர் கேட்பார். இறங்கி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.