பக்கத்துக் கதிரை

இன்று காலை இரத்தப் பரிசோதனை நிலையத்தில், இரத்தம் எடுக்கும் பெண் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். அந்த வாசம் எழுந்ததும் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு, சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் பார்க்கிறேன்.

முதன்முதலில் இரத்தம் கொடுத்தபோது அதில் நீ உட்கார்ந்திருந்தாய். சீட்டாட்டத்தின் நடுவே நீ அடிக்கடி எழுந்து போவதை நாங்கள் பகிடி பண்ணிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டாய்.

"சலம் போறது பெரிய கரைச்சலாக் கிடக்கு, மச்சான். ரத்தம் சோதிக்கச் சொல்லிப்போட்டார் டொக்டர். தனியப் போக வெக்கமாக் கிடக்கு, நீயும் குடு. ரெண்டு கிழவர் சும்மா செக்கப்புக்கு வந்திருக்கினம் எண்டு நினைக்கட்டும்."

எனக்கு ஒரு நோய்க்குறியும் இருக்கவில்லை. உன் துணைக்குத்தான் கையை நீட்டினேன்.

பிறகு எல்லாச் சோதனையும் முடிய, இருவருக்கும் புரொஸ்டேட் புற்றுநோய் என்றார்கள். எனக்கு அது சுரப்பிக்குள்ளேயே நின்றது. உனக்கு முதுகெலும்புவரை போய்விட்டது. என்னுடையதை வெட்டி எடுக்கலாம், உனக்கு இனி ஊசியும் குளிசையும்தான்.

"நல்லவேளை, உன்னைக் கூட்டிக்கொண்டு போனன்," என்றாய்.

சென்னைக்குப் போய் ரோபோவைக் கொண்டு சத்திரசிகிச்சை செய்துகொண்டு நான் வீடு திரும்பியதும் பார்க்க வந்தாய். தண்ணீர் இறைப்பு மிசின் திருத்துகிற உனக்கு என்னைவிட அந்த மிசின்தான் முக்கியம்.

"அது வெட்டேக்கை டொக்டர் எங்கை நிண்டவர்?"

"தள்ளி மூலையிலை இருந்து, ஒரு பெட்டிக்குள்ளை பாத்துப் பாத்து அதை ஆட்டினவராம்."

"அப்ப உன்னை ஒருத்தரும் தொடேல்லையோ?"

என் சட்டையைத் தூக்கி, வயிற்றில் இருந்த சின்னத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டாய். உன் விரல் குளிர்ந்திருந்தது. "உதுக்குள்ளாலையோ எடுத்தவங்கள்? வடிவாத் தைச்சிருக்கிறாங்கள்." "எனக்கும் இது கிடைச்சிருக்கலாம்" என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உன் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு, குளிக்கப் பக்கத்துக் கேணியில் இறங்கினேன். தண்ணீர் வயிற்றில் பட்டதும் அதே விரல், அதே வரிசையில். பயந்து கரையேறிவிட்டேன். இப்போது வீட்டுக் கிணற்றடியில் குளிக்கும்போதும் அது வருகிறது. பயம் குறையவில்லை, ஆனால் வராத நாளில் வாளியை வைத்துவிட்டுக் காத்து நிற்கிறேன்.

இன்று ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அந்தப் பெண் கேட்டாள்: "ஐயா, தனியவோ வந்தனீங்கள்?"

பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன்.

"இல்லைப் பிள்ளை. ஒராளுக்குத் துணைக்கு வந்தனான்."