அம்மாவின் அரை கிளாஸ் டீ

18 ஜூன் 2024

பள்ளி திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு. உடலுறுப்புகள் பற்றிய புத்தகத்தை நூலகத்திலிருந்து மறுபடி எடுத்தேன். காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் அம்மாவோடு நின்றபடி சிறுநீரகம் பற்றிப் படித்தேன். பக்கத்து வீட்டு முப்பிடாதி அத்தை எட்டிப் பார்த்து, "நல்ல எடம் பாத்துத்தான் படிக்க" என்றாள்.

அம்மா பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. அவள் பை தைக்கிற பட்டறையில் (இங்கே கார்கானா என்பார்கள்) பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. வெளியே வந்தால் இந்த வரிசைதான். அதனால் டீ மட்டும். கட்டிங், அதாவது அரை கிளாஸ். பசித்தாலும் அது, அசதி வந்தாலும் அது.

2 ஜூலை

அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

11 ஜூலை

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவின் இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் கெட்டிருக்கின்றன. பிரஷர் பல வருடமாக இருந்திருக்கிறதாம், யாருக்கும் தெரியவில்லை. மிச்சத்தைக் காப்பாற்றினால் டயாலிசிஸ் இல்லாமல் வருடக்கணக்காக ஓட்டலாம் என்றார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

சாயங்காலம் முப்பிடாதி அத்தை வந்தாள். "நா அன்னைக்கே சொன்னேம்லா பானு. சாயா சாயான்னு கெடந்தா கிட்னி கரையாம என்ன செய்யும்?"

"சோறு இல்லாம இருந்துருவேன் மைனி. டீ இல்லாட்டா மிஷின் ஓடாது" என்றாள் அம்மா.

"எந்த மிஷினு?"

"நாந்தான்."

14 ஜூலை

டீத்தூள் பாக்கெட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டேன். கார்கானாவுக்குப் போய், டீ கொண்டுவருகிறவரிடம் அம்மாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஹிந்தியில் சொல்லிவிட்டும் வந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு வெட்கம். "மாமியா இல்லாத கொறைய நீ தீத்துட்டட்டி" என்றாள்.

17 ஜூலை

அம்மாவுக்குத் தலை பிளக்கிறது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தைக்கப் போனாள். டீயின் விஷம் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்கிறாள் அத்தை. இருக்கும்.

30 ஜூலை

தலைவலி பரவாயில்லை என்கிறாள் அம்மா. விடாத மழை, சந்தில் கணுக்கால் வரை தண்ணீர். பேச்சுப் போட்டியில் 'டீயும் சிறுநீரகமும்' என்று பேசினேன். முதல் பரிசு. ஒரு பீங்கான் கோப்பை. அம்மா அதை எடுத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

9 செப்டம்பர்

இரண்டு நாளாக வாந்தி. மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம்.

வலி மாத்திரை எதுவும் போட்டீர்களா என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார். அம்மா பர்ஸைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள். மருந்துக்கடையில் சும்மா கேட்டாலே கொடுப்பது. தலைவலிக்குப் போட்டாளாம். விட்டால் மறுபடி வலித்ததாம், அதனால் தினமும். எப்போதிலிருந்து? டீயை நிறுத்தியதிலிருந்து.

டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீயால் வந்த வியாதி இல்லை இது, அளவாகக் குடித்திருக்கலாம் என்றார். சட்டென்று விட்டால் தலை வலிக்கத்தான் செய்யுமாம். மிச்ச சிறுநீரகத்தையும் கெடுத்தது இந்த மாத்திரை, இதைத்தான் தொட்டிருக்கக் கூடாது. "டீயை நிறுத்தச் சொன்னது யார்?"

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "நானேதான் நிறுத்தினேன்" என்றாள்.

10 செப்டம்பர்

புத்தகத்தைத் திரும்பப் படித்தேன். வலி மாத்திரை பற்றி ஒரு வரிகூட இல்லை. டீயைப் பற்றியும் இல்லை. டீயைப் பற்றி எங்கேயுமே இல்லை — அப்போ நான் என்னத்தப் படிச்சேன்? அத்தை சொன்னதத்தான் மேடையில போய்ச் சொன்னேனா?

21 செப்டம்பர்

டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. கார்கானாவில் அம்மாவின் மிஷினில் வேறு ஆள்.

3 அக்டோபர்

நான்தாம்மா கெடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "நீ டீயத்தான நிறுத்துன. மாத்திரைய வாங்குனது நாந்தான" என்றாள். பிறகு, "வெளக்க அமத்துட்டி, கண்ணு கூசுது."

16 பிப்ரவரி 2025

அம்மா ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடிய தண்ணீருக்கு இப்போது அளவு உண்டு. அதில்தான் டீயும் அடக்கம். பரிசுக் கோப்பையை எடுத்து, பாதி வரைக்கும் டீ ஊற்றிக் கொடுக்கிறேன். அம்மா வாயில் வைத்துக்கொண்டு உடனே விழுங்காமல் இருக்கிறாள். "பேச்சுப் போட்டிக்காரி டீ நல்லாத்தான் போடுதா" என்றாள் இன்று.

காலையில் கழிப்பறை வரிசையில் தனியாக நின்றேன். முப்பிடாதி அத்தை, "ஒங்கம்மைய விடியக்காலம் இங்கன காணவே முடியலயே. இப்பம் எங்கட்டி போறா?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு ஒண்ணுக்கு வருவது அநேகமாக நின்றுவிட்டது என்றேன்.

அத்தை கையிலிருந்த வாளியை ஓரமாக வைத்தாள். பிறகு என்னைத் தனக்கு முன்னால் விட்டாள்.